எழுபத்தொரு கொன்ட்றோலரும் ஓர் ஓட்டமும்

குருநகரில் வள்ளத்து எஞ்சின் நின்றுபோனால் ஆட்கள் ஜஸ்ரினிடம்தான் போவார்கள். எந்த நேரத்தில் போகவேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு போவார்கள். பின்னேரம் ஐந்தரைக்கு முன்பு போனால், எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தபடி எழுந்து வருவார். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டு, "புளக்கிலை பிழை இல்லை, காபரேற்றர்தான்" என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். ஐந்தரைக்குப் பிறகு போனால் ஆள் வீட்டுக்குள்தான் இருப்பார், ஆனால் கிடைக்கமாட்டார். அந்நேரம் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நகத்துக்குள் இருக்கும் கறுப்பை ஈர்க்கால் கிண்டியெடுத்து, விரல்களை முகர்ந்து பார்த்து, பெற்றோல் மணம் போய்விட்டது என்று நிச்சயமான பிறகு பின்னறைக்குள் போயிருப்பார்.

பின்னறையில் எழுபத்தொரு கொன்ட்றோலர்கள் இருந்தன. ரீவியில் விளையாடுகிற பழைய விளையாட்டு மிசின்களில் வயரால் பூட்டி, இரண்டு கையாலும் பிடித்துப் பொத்தான்களை அமுக்குவோமே, அந்தச் சாமான். சாம்பல் நிறத்தில் நீள்சதுரமாய் ஒன்று, வாழைப்பழம்போல் வளைந்த ஒன்று, மூன்று கொம்பு வைத்த ஒன்று, ஒரே ஒரு சிவப்புப் பொத்தானும் நிமிர்ந்து நிற்கும் தடியுமாய் ஒன்று, துவக்கைப்போல ஒன்று. எல்லாம் முப்பது, நாற்பது வருசத்துப் பழசு. சுவருக்குச் சுவர் நைலோன் கயிறு கட்டி அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். முதன்முதல் எட்டிப் பார்க்கிறவர்களுக்குக் கருவாடு காயப்போட்டதுபோலத்தான் தெரியும்.

இத்தனையையும் பூட்டி விளையாட வீட்டில் இருந்த மிசின்கள் இரண்டு. அதில் ஒன்று வேலை செய்யாது. வேலை செய்கிற மிசினோடு ஒத்துப்போகும் கொன்ட்றோலர்கள் பத்தொன்பது. மற்றவை சும்மா தொங்கின.

"வள்ளம் ஒண்டு, சுக்கான் எழுபது," என்று சொல்லுவார் அவருடைய மனைவி றஜிதா.

"எழுபத்தொண்டு," என்று ஜஸ்ரின் திருத்துவார்.

றஜிதா காலையில் நண்டுத் தொழிற்சாலைக்குப் போய், அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை செய்கிறவர். நிதானமான மனுசி. கோபம் வந்தாலும் சத்தம் போடமாட்டார். ஒரு வசனம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார், ஜஸ்ரின் அந்த வசனத்தோடு இரண்டு நாள் இருப்பார். அந்தப் பின்னறை உண்மையில் மகள் ஜெசிதாவின் அறை. மகள் வவுனியாவுக்குப் படிக்கப் போன கிழமையே முதல் கயிறு கட்டப்பட்டுவிட்டது. விடுமுறைக்கு வந்தால் பிள்ளை அந்தக் கயிறுகளுக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுக்கவேண்டும். முதல் தடவை விடியப்புறம் எழும்பும்போது மூன்று கொம்பு வைத்தது நெற்றியில் இடித்தது. "அப்பா, பிள்ளையை வெளிக்கிடுத்திப்போட்டு வௌவாலைக் குடிவைச்சிருக்கிறீங்கள்" என்றாள் அவள். ஜஸ்ரின் ஓடிவந்து கொன்ட்றோலருக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று பார்த்தார். இதை இன்றுவரை தாயும் மகளும் மறக்கவில்லை.

கொன்ட்றோலர்களில் பாதிக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தவர் முத்துக்குமாரு. மானிப்பாய்க்காரர். இரண்டு சில்லு உழவு மிசினான லான்ட்மாஸ்ரரில் ஒலிபெருக்கி கட்டி, பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்ரிக் என்று கூவிக்கொண்டு வலிகாமம் முழுக்கச் சுற்றுகிறவர். வெளிநாட்டிலிருந்து வந்து தாய்தகப்பனின் வீட்டைத் துப்புரவாக்குகிறவர்கள் வெளியில் போடும் பெட்டிகளுக்குள் இந்தச் சாமான் கிடக்கும். முத்துக்குமாருவின் பாஷையில் அது 'வால் வைச்ச சாமான்'. அதற்குக் காசு கேட்கமாட்டார். பதிலுக்கு லான்ட்மாஸ்ரர் எஞ்சினை ஜஸ்ரின் பார்த்துக் கொடுக்கவேண்டும். அந்த எஞ்சின் இப்போது தைக்கிற மிசின்போல ஓடுகிறது என்று மானிப்பாயில் கதை.

ஒருமுறை முத்துக்குமாரு சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். தோட்டக்காரர் அதன் வயரால் படலையைக் கட்டிவைத்திருந்தாராம். எத்தனை வருசம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததோ, ஜஸ்ரின் திருகாணியைக் கழற்றியபோது உள்ளே எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வேலை. எறும்புகளைக் கோபிக்காமல் வெளியேற்றி, ஸ்பிரிற்றில் பஞ்சு தொட்டுத் தகட்டைத் துடைத்து, கறளைச் சுரண்டி, பொத்தானுக்குக் கீழே இருக்கும் றப்பரில் தேய்ந்துபோன கறுப்புப் பூச்சுக்குப் பதிலாகப் படம் கீறுகிற மென்பென்சிலால் தீட்டினார். மின் ஓடுவதற்கு அது போதும். மூடிப் பூட்டிய பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"றஜி, இஞ்சை வந்து இதை ஒருக்கா அமத்திப் பார்."

றஜிதா வந்து அமத்தினார்.

"பாத்தியே? திரும்ப எழும்பி வருது!"

"ஓம். எழும்பி வந்து?"

ஜஸ்ரின் இன்னொருமுறை அமத்திக் காட்டினார். றஜிதா கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டுப் போய் மீனைத் திருப்பிப் போட்டார்.

இவ்வளவு கொன்ட்றோலர் வைத்திருக்கிறவர் பெரிய விளையாட்டுக்காரராய் இருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். மூன்று பேர் பிடித்தால்தான் அசைகிற ஒரு பழைய குண்டு ரீவி அவரிடம் இருந்தது. துவக்குக் கொன்ட்றோலர் புது ரீவிகளில் சுடாது என்பதால் அதை எறியக்கூடாது என்று சட்டம். அதற்கு முன்னால் பாயில் சம்மணம் கட்டியிருந்து, தினமும் ஒரு மணித்தியாலம் ஒரே விளையாட்டை விளையாடுவார். ஒரு குட்டி வீரன் வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான். கிடங்குகளைத் தாண்டவேண்டும், எதிரே வருகிறவனைக் கல்லால் எறியவேண்டும். மொத்தம் எட்டுக் கட்டம். ஜஸ்ரின் மூன்றாம் கட்டத்தில் ஓர் அகலமான கிடங்கில் விழுவார். திரும்பத் தொடங்கித் திரும்பவும் அதே கிடங்கில் விழுவார்.

"பொத்தான் ஒரு சொட்டுப் பிந்துது," என்று சொல்லிவிட்டு வேறு கொன்ட்றோலர் பூட்டுவார். அதுவும் பிந்தும். பத்தொன்பது கொன்ட்றோலரும் பிந்தின.

போன வருசம் வைகாசி மாதம் கனடாவிலிருந்து பிலிப்பு கதைத்தார். யாகப்பர் கோயில் பெருநாளுக்கு மனைவி மக்டலீனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறாராம். பதின்மூன்று வயதில் போனவர், இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு முதன்முதல் வருகிறார். ஜஸ்ரினின் சின்ன வயதுக் கூட்டாளி. ரொறன்ரோவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். தொலைபேசிப் படத்தில் கழுத்தே தெரியாத அளவுக்குக் கொழுத்திருந்தார்.

ஜஸ்ரினுக்குப் புழுகம் தாங்கவில்லை. ஆடி பிறந்ததிலிருந்து எழுபத்தொன்றையும் இறக்கித் துடைத்தார். ஒவ்வொன்றுக்கும் மட்டையில் இலக்கம் எழுதிக் கட்டினார். மூன்று எஞ்சின்கள் முற்றத்தில் மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு கிடந்தன. அதில் ஒன்று வள்ளக்காரர் சந்தியோகுவினுடையது. அவர் ஒவ்வொரு காலையும் வந்து எஞ்சினைப் பார்ப்பார், ஜஸ்ரினைப் பார்ப்பார், திரும்பிப் போவார்.

முதலாம் இலக்கக் கொன்ட்றோலரை ஜஸ்ரின் தனியே எடுத்துக் கதவுக்கு நேரே மாட்டினார். அதன் கதையைத்தான் இப்போது சொல்லவேண்டும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. ஜஸ்ரினுக்கும் பிலிப்புவுக்கும் பத்து வயது. பாரிசிலிருந்த சித்தப்பா ஜஸ்ரினுக்கு ஒரு ரீவி விளையாட்டு மிசின் அனுப்பினார். அது கொழும்புக்கு வந்து, யார் யாருடைய கையோ மாறி, கடைசியில் கிளாலிக் கடலையும் தாண்டி வீடு வந்து சேர மூன்று மாதம் பிடித்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கொன்ட்றோலரும், பிரெஞ்சில் எழுதிய ஒரு படப் புத்தகமும் இருந்தன. மிசின் எந்தக் கையில் நின்றுவிட்டது என்று இன்றுவரை தெரியாது. நின்றதும் ஒருவிதத்தில் நல்லதுதான். அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஒரு பற்றறிகூட வாங்க முடியாது. மிசின் வந்திருந்தால் அழுகைதான் மிச்சம்.

ஜஸ்ரின் அழவில்லை. இரண்டு நாள் கொன்ட்றோலரை வைத்து எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தான். மூன்றாம் நாள் பிலிப்புவைக் கூப்பிட்டு, "நீதான் ரீவி" என்றான்.

சட்டம் எளிது. படப் புத்தகத்தில் உள்ள வீரன் பிலிப்பு. ஜஸ்ரின் கவிழ்த்துவைத்த வள்ளத்தில் ஏறி இருப்பான். சிலுவைப் பொத்தானின் வலப்பக்கத்தை அமுக்கி "வலம்" என்று கத்தினால் பிலிப்பு வலப்பக்கம் ஓடவேண்டும். "ஏ" என்றால் பாய வேண்டும். "பீ" என்றால் எறியவேண்டும். "ஸ்ரார்ட்" என்றால் தொடக்கம். நடுவில் இன்னொருமுறை "ஸ்ரார்ட்" என்றால் எந்த நிலையில் இருக்கிறானோ அந்த நிலையில் சிலையாக நிற்கவேண்டும். மூன்று உயிர். கயிற்றில் தடக்கினால் ஒன்று போகும், தண்ணீரில் கால் பட்டால் ஒன்று போகும். கரை முழுக்கக் கட்டங்கள் பிரித்து மூன்று வருசம் விளையாடினார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்டபோது ஜஸ்ரின் அந்தக் கொன்ட்றோலரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தான். கேத்தில் அவனுடைய பொறுப்பில் விடப்பட்டிருந்தது. சாவகச்சேரியில் போய்த் தேத்தண்ணி வைக்கப் பார்த்தபோதுதான் தாய்க்கு விசயம் தெரிந்தது. பிலிப்புவின் குடும்பம் அங்கிருந்து வேறு பாதையில் போய்விட்டது.

பெருநாளுக்கு இரண்டு நாள் முந்திப் பிலிப்பு வந்தார். வாசலில் இருவரும் கட்டிப்பிடித்தார்கள். பிலிப்புவின் வயிறு இடையில் இருந்ததால் அது கொஞ்சம் தூரத்திலிருந்து கட்டிப்பிடித்ததாகத்தான் இருந்தது. றஜிதா நண்டுக் கறி வைத்திருந்தார். பிலிப்பு மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். மக்டலீன் கண்ணால் அதட்டினார், அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் ஜஸ்ரின் பின்னறைக் கதவைத் திறந்தார். பிலிப்பு உள்ளே போய், முதலாம் இலக்கத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"உதை இன்னும் வைச்சிருக்கிறியே?"

"வைச்சிருக்காமல்? நாங்கள் ரெண்டு பேரும் விளையாடினதெல்லே," என்றார் ஜஸ்ரின் பெருமையாக.

"ரெண்டு பேரோ?" பிலிப்பு மெல்லத் திரும்பினார். "நீ விளையாடினாய். நான் ஓடினனான்."

"மாறி மாறித்தானே, மச்சான்."

"எப்ப மாறினது?"

"உனக்கும் தந்தனான்தானே!"

"ஒருக்காலும் தரேல்லை. ஒரு நாள்கூடத் தரேல்லை. மூண்டு வருசம்!"

"தந்தனான்ரா. வடிவா யோசிச்சுப் பார்."

"இருபத்தொன்பது வருசமா யோசிச்சனான்," என்றார் பிலிப்பு. "நாளைக்குத் தாறன், நாளைக்குத் தாறன் எண்டுவாய். ஒருநாள் நான் கேட்டதுக்கு, ரீவியிட்டை ஆரும் கொன்ட்றோலர் குடுக்கிறவையோ எண்டு சொன்னனி."

றஜிதா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய முகத்தில் அப்படியொரு மலர்ச்சியைக் கலியாணப் படத்தில்கூட நாங்கள் பார்த்ததில்லை.

"இவர் சொன்னவரோ அப்பிடி?"

"சொன்னவன், அக்கா."

"சொல்லியிருப்பார்," என்றார் றஜிதா. "சொல்லக்கூடிய ஆள்தான்."

ஜஸ்ரின் தனிமைப்பட்டுப்போனார். கொன்ட்றோலரைக் கழற்றிப் பிலிப்புவின் கையில் வைத்தார். "இந்தா. இப்ப பிடி. சரிதானே?"

பிலிப்பு அதைப் பிடித்த விதத்தைப் பார்க்கவேண்டும். களஞ்சியத்தில் நாற்பது பேரை ஆட்டிவைக்கிற மனுசன், பிறந்த குழந்தையைத் தூக்குகிறவர்போல உள்ளங்கை இரண்டிலும் ஏந்தினார். கட்டைவிரலைச் சிலுவையின்மேல் வைத்தார்.

"இதுக்குரிய மிசின் இருக்கோ?"

"இல்லை மச்சான். இந்தப் பிளக்குக்கு இஞ்சை ஒண்டும் பொருந்தாது."

"பறவாயில்லை," என்றார் பிலிப்பு. "வா கரைக்கு. நீதான் ரீவி."

ஜஸ்ரின் சிரித்துப் பார்த்தார். பிலிப்பு சிரிக்கவில்லை. "எனக்கு நாப்பத்திரண்டு வயசடா. முழங்கால் வேறை..." என்று தொடங்கினார் ஜஸ்ரின்.

"என்ரை முழங்காலை நீ எப்பவாவது கேட்டனியே?"

றஜிதா ஏற்கெனவே செருப்பைப் போட்டுவிட்டார்.

வெயில் சாய்ந்த நேரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரையில் வலைகள் காயப்போட்டிருந்தன, ஆட்கள் இருந்து கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பிலிப்பு கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளத்தில் ஏறி இருந்தார். வள்ளம் ஒருமுறை முனகியது. ஜஸ்ரின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நின்றார்.

"ஸ்ரார்ட்! வலம், வலம், வலம், ஏ!"

ஜஸ்ரின் ஓடி, நங்கூரக் கயிற்றை ஒரு பாய்ச்சலில் தாண்டினார். அவருக்கே ஆச்சரியம். வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள்.

"வலம், ஏ, பீ! பீ எண்டுறன்! எறியடா!"

"என்னத்தை எறிய?"

"அப்ப நான் என்னத்தை எறிஞ்சனான்? சிப்பியைப் பொறுக்கி எறி!"

எறிந்தார். சிப்பி போய் மீன் போடுகிற ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டியில் பட்டது. கரையில் கைதட்டல். "ஸ்ரார்ட்," என்றார் பிலிப்பு அமைதியாக. ஜஸ்ரின் ஒரு காலைத் தூக்கியபடி சிலையானார். பிலிப்பு அந்த நேரம் பார்த்து மக்டலீனிடம் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து, ஆறுதலாகக் குடித்து, மூடியை மூடி, பக்கத்தில் நின்ற ஒருவரிடம் இப்போது மீன்பாடு எப்படி என்று விசாரித்தார். ஜஸ்ரினின் கால் நடுங்கத் தொடங்கியது.

"காலைக் கீழை வைச்சால் ஒரு உயிர் போகும்," என்றார் றஜிதா. சட்டங்களை அவர் ஐந்தே நிமிசத்தில் பிடித்துவிட்டார்.

அந்நேரந்தான் சந்தியோகு எஞ்சினைப் பற்றிக் கேட்க வந்தவர், கரையில் இந்தக் காட்சியைக் கண்டார். ஒற்றைக் காலில் நிற்கும் மெக்கானிக்கைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். "என்ரை எஞ்சினைப் பாக்க ஆள் இல்லை. இஞ்சை நிண்டு பாய ஆள் இருக்கு," என்று பொதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து கடைசிவரை பார்த்தார்.

முதல் உயிர் கயிற்றில் போனது. இரண்டாவது, வலைக் குவியலில் தடக்கிப் போனது. மூன்றாவது உயிரில் ஜஸ்ரின் உண்மையாகவே நன்றாக ஓடினார். அந்தக் கரையில் அவருக்குத் தெரியாத இடம் இல்லை. மழைத் தண்ணி ஓடுகிற வாய்க்காலுக்கு வந்தபோது பிலிப்பு "ஏ" என்று கத்தினார். ஜஸ்ரின் பாய்ந்தார். பாய்ச்சல் பிந்திவிட்டது. ஒரு கால் அக்கரையிலும், மற்றக் கால் சேற்றிலும், சாரம் இரண்டுக்கும் நடுவிலுமாக விழுந்தார்.

"செத்துப்போனாய்!" என்று கத்திய பிலிப்பு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கரையிலிருந்தவர்கள் ஜஸ்ரினைத் தூக்கிக்கொண்டுவந்து வள்ளத்தில் இருத்திவிட்டு, ஒவ்வொருவராய்க் கலைந்தார்கள். மக்டலீனும் றஜிதாவும் தேத்தண்ணி வைக்க வீட்டுக்குப் போனார்கள். பிலிப்பு இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது சிரிப்பு இல்லை என்று ஜஸ்ரினுக்குத் தெரிந்தது.

"என்ன மச்சான்?"

"ஒண்டுமில்லை." பிலிப்பு கொன்ட்றோலரின் வயரை விரலில் சுற்றினார். "இது வந்த வருசந்தானே அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை."

"ஓம்," என்றார் ஜஸ்ரின்.

"வீட்டிலை எந்த நேரமும் அம்மான்ரை அழுகை. எனக்கு எங்கை போறதெண்டு தெரியாது. நீ படலையிலை வந்து நிண்டு 'பிலிப்பு, ஸ்ரார்ட்' எண்டு கத்துவாய். நான் பாய்ஞ்சு விழுந்து ஓடி வருவன். இந்த விளையாட்டிலை செத்தவன் திரும்பி எழும்பி வாறவனெல்லே. எனக்கு அது பிடிச்சுது."

கடல் சத்தம் இல்லாமல் கிடந்தது. குருநகர்க் கடல் அப்படித்தான், அலை அடிக்காது. ஜஸ்ரின் காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார். பத்து வயதில், பிலிப்பு தன் சொல்லுக்குப் பயந்துதான் ஓடுகிறான் என்று அவர் நினைத்திருந்தார்.

"நான் உனக்கு ஒருக்காலும் தரேல்லை, என்ன?" என்று கேட்டார்.

"தரேல்லை."

"தந்திருக்கலாம்."

"இதைப் போய் றஜிதா அக்காவுக்கு முன்னாலை சொல்லு."

சொல்லலாம் என்றுதான் ஜஸ்ரின் எழும்பினார். எழும்ப முடியவில்லை. முழங்கால் பலாக்காய்போல வீங்கியிருந்தது. பிலிப்பு அவரைத் தோளில் சாய்த்து நொண்ட நொண்டக் கூட்டிக்கொண்டு போனார். குசினி வாசலில் வைத்து ஜஸ்ரின் உண்மையை ஒத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்," என்றார் றஜிதா, ஐஸ் எடுக்கப் போனபடி.

மூன்று கிழமைக்குக் கால் ஊன்றக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். யாகப்பரின் சுற்றுப்பிரகாரம் ஒழுங்கை முனையில் போனபோது ஜஸ்ரின் கட்டிலில் படுத்தபடி வெடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். சந்தியோகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, படுத்தபடியே திருத்த வைத்தார்.

பிலிப்பு திரும்பிப் போகிற நாளன்று ஜஸ்ரின் முதலாம் இலக்கத்தைக் கொண்டுவரச் சொன்னார். "கொண்டு போ," என்றார். பிலிப்பு மறுப்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருக்கவேண்டும். பிலிப்பு மறுக்கவில்லை. "பொறு, வயரைச் சுத்தித் தாறன்," என்ற ஜஸ்ரின், ஒரு முழ வயரைச் சுற்ற அரை மணித்தியாலம் எடுத்தார். வான்காரன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தான்.

போவதற்கு முன் பிலிப்பு ஓர் உதவி செய்தார். இரண்டு வள்ளக்காரரைப் பிடித்து, அந்தக் குண்டு ரீவியைப் படுக்கையறைக்குத் தூக்கிவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். ஆனால் படுத்துக்கொண்டு விளையாட ஜஸ்ரினுக்கு வரவில்லை. வேலையால் வந்து பக்கத்தில் இருந்த றஜிதா, "தாங்கோ பாப்பம்" என்றார்.

முதல் நாள் முதல் கிடங்கிலேயே விழுந்தார். ஜஸ்ரினுக்கு மனதுக்குள் ஓர் ஆறுதல். "விரலை உப்பிடிப் பிடிக்கக் கூடாது," என்று பாடம் எடுத்தார். இரண்டாம் நாள் றஜிதா இரண்டாம் கட்டம் போனார். "அவசரப்படாதை, பொத்தான் பிந்தும்," என்றார் ஜஸ்ரின். "எனக்குப் பிந்தேல்லையே," என்றார் றஜிதா. ஐந்தாம் நாள் அந்த அகலமான கிடங்கு வந்தது. ஜஸ்ரின் தலையணையிலிருந்து எழும்பி இருந்தார்.

"இதிலை பின்னுக்குப் போய், ஓடி வந்து..."

றஜிதா பின்னுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்து அமுக்கினார். வீரன் மிதந்து போய் அக்கரையில் காலூன்றினான்.

திரை கறுத்து, திரும்ப வெளிச்சமானது. நிலமெல்லாம் வெள்ளையாக இருந்தது. மரங்களின்மேல் வெள்ளை குவிந்திருந்தது. மேலிருந்து சின்னப் புள்ளிகளாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. பாட்டும் மாறிவிட்டது, முன்பிருந்த துள்ளல் இல்லை, மெல்லிய மணிச் சத்தம்.

"இதென்ன?" என்று கேட்டார் றஜிதா.

"தெரியேல்லை," என்றார் ஜஸ்ரின். "நான் இஞ்சை வந்ததில்லை."

"பனிபோலை கிடக்கு."

"ஓம். பனிதான்."

வீரனை ஓடவிடாமல் றஜிதா கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். இரண்டு பேரும் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கு வெளியே மின்விசிறிக் காற்றுக்கும் அடங்காத ஆடி மாதப் புழுக்கம்.

பிறகு நடந்ததை ஜஸ்ரின் சுருக்கமாகத்தான் சொல்லுவார். நீட்டிச் சொல்லுகிறவர் றஜிதா. ஆறாம் கட்டத்தில் எரிமலை, ஏழாம் கட்டத்தில் இருட்டுக் கோட்டை. ஜஸ்ரின் ஒவ்வொரு நாளும் காலையில் கொன்ட்றோலரைக் கழற்றித் துடைத்து, றப்பருக்குப் பென்சில் தீட்டி வைப்பார். றஜிதா நன்றாக விளையாடுவதற்கு அதுதான் காரணம் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். வந்தவர்களும் தலையாட்டிவிட்டு றஜிதாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் எட்டாம் கட்டம் முடிந்தது. பெரிய பூதம் ஒன்று மூன்று தரம் மின்னி மறைந்தது. வீரன் ஒரு குன்றின்மேல் நின்று கையசைத்தான். எழுத்துகள் கீழிருந்து மேலாகப் போயின. ஜஸ்ரின் கண்ணிமைக்காமல் எல்லாப் பெயரையும் வாசித்தார், ஒன்றும் விளங்காவிட்டாலும்.

றஜிதா கொன்ட்றோலரை மடியில் வைத்து, விரல்களை நெட்டி முறித்தார்.

"இவ்வளவுதானோ?" என்றார். "வேறை ஒண்டும் இல்லையோ?"

ஜஸ்ரின் போர்வையை எறிந்துவிட்டுக் கட்டிலால் இறங்கினார். டொக்டர் சொன்ன மூன்று கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. "பொறு, பொறு, மற்ற மிசினை ஒருக்கா கழட்டிப் பாக்கிறன். ஒரு வயர்தான் விட்டிருக்கவேணும்," என்று சொல்லிக்கொண்டே, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிப் பின்னறைக்குப் போனார்.